குறையாத இன்சுலின் போத்தல்

எங்கள் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில், முட்டை அடுக்கும் தட்டுக்குக் கீழே, ஒரு பழைய மார்ஜரின் டப்பா இருக்கும். அதற்குள்தான் தங்கையின் இன்சுலின் போத்தல். பால் கலந்த தண்ணீர் மாதிரி இருக்கும் மருந்து அது. அசையாமல் வைத்தால் அடியில் மாவு போலப் படிந்துவிடும். ஊசியில் எடுப்பதற்கு முன் இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து மெல்ல உருட்ட வேண்டும். ஒரு போத்தலில் 10 மில்லிலீற்றர், ஒரு மில்லிலீற்றரில் 100 அலகு, மொத்தம் 1000 அலகு. காலையில் 22, மாலையில் 14 என்று போடுகிறவளுக்கு 27 நாளில் அது முடிந்துபோக வேண்டும்.

ஒரு மாதம் கழிந்தும் அந்தப் போத்தல் பாதிக்கு மேல் இருந்தது. நான் அதைப் பார்த்தேன். ‘புதுப் போத்தல் எங்கேயோ வைத்திருப்பாள், இது பழசாக இருக்கும்’ என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு டப்பாவை மூடினேன். இரண்டு கிழமைக்குப் பிறகு ஒரு நாள் விடியப்புறம் மூன்று மணிக்கு அவளை ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு ஆரையம்பதியிலிருந்து மட்டக்களப்புக்கு ஓடினோம். கல்லடிப் பாலத்தைக் கடக்கும்போது என் தோளில் சாய்ந்திருந்தவளின் மூச்சு, ஓட்டப்பந்தயம் ஓடி முடித்தவளின் மூச்சு மாதிரி ஆழமாகவும் வேகமாகவும் இருந்தது. வாயிலிருந்து அழுகத் தொடங்கிய பழத்தின் வாசம் வந்தது.

நான் மருத்துவர் இல்லை. பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறவள். அந்த இரவுக்குப் பிறகு நீரிழிவையும் உண்ணல் கோளாறையும் பற்றிக் கேட்டும் வாசித்தும் தெரிந்துகொண்டதை, இதைப் பற்றி ஒன்றுமே கேள்விப்படாதவருக்கும் விளங்கும்படி எழுதிப் பார்க்கிறேன். தங்கையிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். “என்ட பேரப் போடாத, மத்ததெல்லாம் எழுது” என்றாள். இப்போது அவளுக்கு 22 வயது.

சாப்பாட்டோடும் தன் உடம்போடும் ஒருவருக்கு இருக்கிற உறவு கெட்டு, அந்த நினைப்பே நாள் முழுவதையும் பிடித்துக்கொள்வதை உண்ணல் கோளாறு என்கிறார்கள். பட்டினி கிடப்பது, அடக்க முடியாமல் ஒரேயடியாக நிறையச் சாப்பிடுவது, சாப்பிட்டதற்குத் தண்டனை போல வாந்தி எடுப்பது எல்லாம் இதற்குள் வரும். மருத்துவர் நோய் என்று எழுதுகிற அளவுக்குப் போகாமல் அதன் ஓரத்திலேயே வருடக்கணக்காக நிற்கிறவர்களும் உண்டு. மற்றவர்களுக்கு எப்படியோ, நீரிழிவு உள்ளவருக்கு அந்த ஓரமே ஆபத்தான இடம்.

மெலிவு எங்கிருந்து வருகிறது

நம் ஊரில் எல்லாவற்றையும் ‘சீனி வருத்தம்’ என்று ஒரே பெயரில் சொல்லிவிடுகிறோம். அதற்குள் இரண்டு பெரிய வகை இருக்கிறது. பெரும்பாலானோருக்கு வருவது இரண்டாம் வகை. அதில் இன்சுலின் சுரக்கும், ஆனால் சரியாக வேலை செய்யாது. காலம் போகப் போகச் சுரப்பதும் குறையும். தங்கைக்கு இருப்பது முதலாம் வகை. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே கணையத்தில் இன்சுலின் சுரக்கிற கலங்களை அழித்துவிடுகிறது. இனிப்புச் சாப்பிட்டதால் வருவதில்லை, பெற்றோர் கவனிக்காததாலும் வருவதில்லை. வெளியிலிருந்து இன்சுலின் போட்டால்தான் உயிர் நிற்கும், ஒரு நாளும் தவறாமல்.

சோறோ பிட்டோ பாணோ, எதைச் சாப்பிட்டாலும் அது குளுக்கோசாகி இரத்தத்துக்கு வரும். அதைத் தசையும் கொழுப்பும் உள்ளே எடுப்பதற்கு இன்சுலின் வேண்டும். இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்பதை எங்கள் பக்கத்து வேளாண்மைக்காரருக்கு ஒரே வரியில் விளக்கலாம்: வாய்க்கால் நிறையத் தண்ணீர் ஓடுகிறது, மதகு திறக்கவில்லை, வயல் வெடித்துக் கிடக்கிறது. இரத்தத்தில் சீனி ஏறக்குறைய 180ஐ (ஒரு டெசிலீற்றரில் இத்தனை மில்லிகிராம் என்ற கணக்கு) தாண்டினால் சிறுநீரகத்தாலும் அதைப் பிடித்து வைக்க முடியாது, சலத்தோடு வெளியே போகும். அதோடு தண்ணீரும் போகும். அதனால்தான் அந்தத் தாகமும், இரவில் நாலைந்து தரம் எழும்புவதும். காய்ந்து கிடக்கிற உடம்பு கடைசியில் தன்னுடைய கொழுப்பையும் தசையையும் உருக்கத் தொடங்கும். அப்படி உருகும்போது கீற்றோன் என்ற அமிலம் சேரும். அளவு மீறினால் இரத்தமே அமிலமாகிவிடும். ஓட்டோவில் நான் கேட்ட மூச்சும் மணத்த வாசமும் அதுதான்.

ஆக, இன்சுலின் போதாதவர் நன்றாகச் சாப்பிட்டுக்கொண்டே மெலிவார். பார்க்கிறவருக்கு அந்த மெலிவுக்குள் நோய் இருப்பது தெரியாது.

தங்கைக்கு வருத்தம் என்று தெரிவதற்கு முந்திய மாதம் ஆடி அமாவாசை வந்தது. மாமாங்கத் தீர்த்தத்துக்குப் போயிருந்தோம். குளக்கரையில் சொந்தக்காரர் எல்லாரும் சந்தித்துக்கொண்டார்கள். பெரியம்மா அவளைக் கண்டதும் கன்னத்தைப் பிடித்து, “என்ன புள்ள, நல்லா மெலிஞ்சித்தாய்! இப்பதான் வடிவாயிருக்காய்” என்றார். அப்போது அவளுக்கு 15 வயது. சின்ன வயதிலிருந்து ‘குண்டுப் பிள்ளை’ என்று பெயரெடுத்தவள். உடம்புக்காக அவளுக்குக் கிடைத்த முதல் பாராட்டு அதுதான். நோயைப் பாராட்டுகிறோம் என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. மூன்று கிழமையில் ஆஸ்பத்திரியில் இருந்தாள்.

இன்சுலின் தொடங்கியதும் மதகு திறந்த மாதிரி உடம்பு எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டது. உருகிப்போன தசை திரும்பியது. தொடக்கத்தில் உடம்பு தண்ணீரையும் பிடித்து வைக்கும், கணுக்கால் லேசாக வீங்கும். அது சில கிழமைகளில் வடிந்துவிடும் என்று யாராவது முன்னமே சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். சொல்லவில்லை. மாறாக, வீட்டுக்கு வந்து பார்த்தவர்கள் “ஊசி போட்டதும் ஊதித்தாள்” என்றார்கள். பள்ளிக்கூட வட்ஸ்அப் குழுவில் வகுப்புப் பிள்ளைகள் போட்ட படங்களில் தன்னைத் தேடித் தேடிப் பார்ப்பாளாம். பிறகு அவளாகவே ஒரு கணக்குப் போட்டிருக்கிறாள்: போட்டால் வீங்குகிறேன், விட்டால் மெலிகிறேன். பதினாறு வயதில் அதற்கு அப்பால் இருக்கிறது தெரிவதில்லை.

நிறை குறைப்பதற்காக இப்படி இன்சுலினைக் குறைப்பதற்கு ஊடகங்கள் வைத்த பெயர் ‘டயபுலிமியா’. மருத்துவ நூல்களில் அது தனி நோயாக இல்லை. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேட்டின் ஐந்தாம் பதிப்பு 2013இல் வந்தது. அதில் புலிமியா, அதாவது ஒரேயடியாக நிறையச் சாப்பிட்டுவிட்டு வாந்தி போன்றவற்றால் அதை ஈடுகட்டுகிற உண்ணல் நோயைப் பற்றிச் சொல்லும் இடத்தில், நீரிழிவு உள்ளவர் இன்சுலினைக் குறைப்பதையும் விடுவதையும் குறிப்பிட்டிருக்கிறார்கள். பெயர் எதுவாகவும் இருக்கட்டும். “எனக்கு மட்டும்தான் இப்படிக் கெட்ட புத்தி என்று நினைச்சன், இதுக்கு ஒரு பேரே இருக்கா?” என்று தங்கை கேட்டாள். பெயர் இருப்பதில் அவளுக்கு அப்படியொரு ஆறுதல்.

அவள் மட்டும் இல்லை. 2000ஆம் ஆண்டு பிரிட்டிஷ் மெடிக்கல் ஜேர்னலில் ஒரு கனடிய ஆய்வு வந்தது. 12 முதல் 19 வயது வரையான பெண்பிள்ளைகளைப் பார்த்ததில், முதலாம் வகை நீரிழிவு உள்ளவர்களில் 10 வீதமானோருக்கு உண்ணல் நோய் இருந்தது. நீரிழிவு இல்லாதவர்களில் அது 4 வீதம். பொஸ்டன் நகரில் முதலாம் வகை நீரிழிவுள்ள 234 பெண்களை 11 ஆண்டுகள் பின்தொடர்ந்து 2008இல் இன்னோர் ஆய்வை வெளியிட்டார்கள். தொடக்கத்தில் அவர்களில் 30 வீதமானோர் இன்சுலினைக் குறைத்துப் போடுவதாகச் சொல்லியிருந்தார்கள். அவர்களுக்கு இறப்பு ஆபத்து மற்றவர்களுக்கு இருந்ததைப் போல மூன்று மடங்கு. குறைத்துப் போட்டவர்களில் இறந்தவர்களின் சராசரி வயது 45, மற்றவர்களில் இறந்தவர்களுக்கு 58. பதின்மூன்று வருடம். இதை வாசித்த அன்று நான் எழும்பிப் போய்த் தங்கையின் அறைக் கதவில் கொஞ்ச நேரம் நின்றேன்.

கண்ணுக்கு வருகிற பாதிப்பும் முந்திவிடுகிறது. டொரொன்டோவில் இளம் பெண்களை நான்கைந்து ஆண்டு கழித்துத் திரும்பப் பார்த்த ஆய்வு 1997இல் வந்தது. உண்ணல் பழக்கம் மிக மோசமாகக் குலைந்திருந்தவர்களில் 86 வீதமானோருக்கு விழித்திரைப் பாதிப்பின் அடையாளம் இருந்தது, குலையாதவர்களில் 24 வீதம்.

இந்த இடத்தில் பழைய கதை ஒன்றைச் சொல்ல வேண்டும். இன்சுலின் வருவதற்கு முன்னர் முதலாம் வகை வந்த பிள்ளைகளுக்கு மருத்துவர்களிடம் இருந்தது பட்டினிதான். அமெரிக்காவில் பிரெடரிக் அலன் என்ற மருத்துவர் மிகமிகக் கொஞ்சம் சாப்பாடு கொடுத்து அவர்களின் நாட்களைக் கொஞ்சம் நீட்டினார். 1922 ஜனவரியில் டொரொன்டோவில் லெனார்ட் தொம்சன் என்ற 14 வயதுப் பையனுக்கு முதன்முதலாக இன்சுலின் போட்டார்கள். அந்தக் காலத்துப் பிள்ளைகளின் படங்கள் இருக்கின்றன. இன்சுலினுக்கு முந்திய படத்தில் விலா எலும்பை எண்ணலாம். சில மாதத்துக்குப் பிந்திய படத்தில் கன்னம் நிறைந்திருக்கும். அந்தக் கன்னத்தைக் கண்டு தாய்மார் அழுதிருப்பார்கள். அதே கன்னத்தைத்தான் நாங்கள் ‘ஊதித்தாள்’ என்று சொன்னோம்.

சாப்பாடு கணக்காகும்போது

நீரிழிவு உள்ளவர்கள் இதில் ஏன் கூடுதலாக அகப்படுகிறார்கள்? அழகின் மேல் ஆசை என்று முடித்துவிட முடியாது. நோய்க்கான வைத்தியமே அவர்களை அந்த வழியில் பழக்கிவிடுகிறது. எதைச் சாப்பிட்டாலும் முதலில் எண்ணு, அள, எழுது. இது நல்ல சாப்பாடு, அது கெட்ட சாப்பாடு. விரலைக் குத்திப் பார்த்தால் வருகிற இலக்கம் நல்லதென்றால் நீ நல்ல பிள்ளை, கூடினால் நீ என்னவோ பிழை செய்துவிட்டாய். ஒரு நாளில் நாலு தரம் இப்படிப் பரீட்சை எழுதுகிற பிள்ளைக்குச் சோற்றுக் கோப்பை வெறும் சோற்றுக் கோப்பையாக இருக்குமா?

வீட்டிலும் விடுவதில்லை. கல்யாண வீட்டில் ஒரு துண்டு தொதலை எடுத்தால் பத்துப் பேர் பார்ப்பார்கள். “உனக்கு அது கூடாதெல்லா?” என்பார்கள். அன்பில்தான் கேட்கிறார்கள். ஆனால் அப்படிக் கேட்கப்பட்ட பிள்ளை தொதலை விட்டுவிடுவதில்லை, பத்துப் பேர் இல்லாத இடத்தில் சாப்பிடப் பழகிக்கொள்கிறாள். களவாகச் சாப்பிட்டதற்கு இன்சுலினும் போட முடியாது, போட்டால் சாப்பிட்டது தெரிந்துவிடும். “என்ட மூஞ்சய ஒருத்தரும் பாக்கல்ல, என்ட கோப்பயத்தான் பாத்தாங்க” என்று தங்கை ஒருநாள் சொன்னாள்.

நாங்கள் போன ஒரு கிளினிக்கில் தராசு, ஆட்கள் வரிசையாக இருக்கிற வாங்குக்கு நேர் முன்னால் இருந்தது. நிறையைப் பார்த்து, கொப்பியில் எழுதுகிறவருக்குக் கேட்கும்படி உரத்துச் சொல்வார்கள். அது அவர்களுக்கு வேலை வசதி. பதினாறு வயதுப் பிள்ளை அந்தத் தராசில் ஏறுவதற்கு முன்னம் செருப்பைக் கழற்றி, கைக்கடிகாரத்தைக் கழற்றி, கொண்டைக் கிளிப்பையும் கழற்றி என் கையில் தந்ததை நான் பார்த்தேன். அப்போது அது விளங்கவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது, வெளியிலிருந்து பார்ப்பவர்கள் பெரும்பாலும் பிழையாக விளங்கிக்கொள்கிற ஒன்று. சீனி குறைந்துபோவது. 70க்குக் கீழே போனால் கை நடுங்கும், வேர்க்கும், நெஞ்சு படபடக்கும், அதோடு ஒரு பசி வரும். அது சாதாரணப் பசி இல்லை. மூளைக்குக் குளுக்கோஸ் போதாமல் உடம்பு போடுகிற கூச்சல் அது. செய்ய வேண்டியது, 15 கிராம் அளவு குளுக்கோசோ சீனியோ எடுத்து, பதினைந்து நிமிடம் பொறுத்துத் திரும்பப் பார்ப்பது. ஆனால் இரவு இரண்டு மணிக்கு 58இல் நடுங்கிக்கொண்டு அடுப்படியில் நிற்கிற ஒருத்தியால் பதினைந்து நிமிடம் பொறுக்க முடிவதில்லை. பாண், ஜாம், பிஸ்கட், மிஞ்சிய சோறு என்று கைக்குப் பட்டதெல்லாம் உள்ளே போகும். விடியப் பார்த்தால் சீனி 280. வெட்கம் வரும். வெட்கத்தில் காலைச் சாப்பாட்டை விடுவாள். பகலெல்லாம் பட்டினி கிடந்து பின்னேரம் தாங்காமல் ஒரேயடியாகச் சாப்பிடுவாள். அதற்கு ஈடாக ஊசியை விடுவாள். அடுத்த நாள் இலக்கம் இன்னும் கூடும். வீட்டுக்காரர் கண்டதெல்லாம், இரவில் களவாக ஜாம் போத்தலைக் காலி செய்த ஒரு பிள்ளையை.

ஊசியும் உடம்பில் அடையாளம் வைக்கிறது. ஒரே இடத்தில் திரும்பத் திரும்பப் போட்டால் தோலுக்குக் கீழே கொழுப்புக் கட்டித் தடிக்கும். அந்த இடத்தில் இன்சுலின் சரியாக உறிஞ்சப்படவும் மாட்டாது. இடம் மாற்றி மாற்றிப் போட்டால் பெரும்பாலும் தவிர்க்கலாம். சேலை உடுத்தால் வயிற்றுத் தடிப்பு தெரியுமோ என்று ஒரு கலைவிழாவுக்கே போகாமல் நின்றாள் தங்கை.

ஆம்பிளைப் பிள்ளைகளுக்கு இது இல்லை என்று நினைக்க வேண்டாம். அவர்களுக்கு மெலிவுக்குப் பதிலாகக் ‘கட்டுடம்பு’. ஜிம், புரதப் பவுடர், சோற்றை அடியோடு விடுவது. அவர்களிடம் இதைப் பற்றிய பேச்சே வராததால் கண்டுபிடிப்பதும் பிந்தும்.

வயதுபோனவர்களின் பட்டினி

இரண்டாம் வகை உள்ளவர்களிடம் இது வேறு முகத்தோடு வரும். அங்கே அதிகம் காண்பது அடக்க முடியாமல் சாப்பிடுவதும், அதை மறைப்பதும். எங்கள் பெரியம்மாவுக்கும் பிற்பாடு சீனி வந்தது. எல்லார் முன்னாலும் குரக்கன் பிட்டு அரைக் கோப்பை. எல்லாரும் படுத்த பிறகு தயிர்ச் சட்டியும் கித்துள் பாணியும். ஒருநாள் தண்ணீர் குடிக்க எழும்பிய நான் லைட்டைப் போட்டுவிட்டேன். அவர் கரண்டியோடு அப்படியே நின்றார். அறுபது வயதுக்காரி ஒருத்தி பிடிபட்ட சின்னப் பிள்ளை மாதிரி நிற்பதைப் பார்ப்பது மிகவும் கஷ்டம். நான் லைட்டை அணைக்கவில்லை. இன்னொரு கரண்டி எடுத்துக்கொண்டு பக்கத்தில் இருந்தேன். அன்றைக்குத்தான் அவர் வாய்திறந்து, கிளினிக்குக்கு மூன்று நாளைக்கு முன்னம் பட்டினி கிடப்பதாகச் சொன்னார். சீனி நல்லாக வந்தால் பேச்சு விழாது.

இந்த மூன்று நாள் பட்டினி நம் பக்கத்தில் பலர் செய்வது. அது ஒருவரையும் ஏமாற்றாது. ஹெச்பிஏ1சி என்ற பரிசோதனை கடந்த இரண்டு மூன்று மாதத்துச் சராசரியைக் காட்டிவிடும். மாத்திரையைப் போட்டுக்கொண்டு பட்டினி கிடந்தால் சீனி திடீரென்று குறைந்து மயங்கி விழவும் கூடும்.

இரண்டாம் வகைக்காரருக்கு இன்சுலின் எழுதினால், ‘கடைசிக் கட்டம் வந்திட்டு’ என்று பயப்படுகிறார்கள். அதுவும் பிழை. இன்சுலினும் கிளிக்லசைட் போன்ற சில மாத்திரைகளும் நிறையைக் கொஞ்சம் கூட்டலாம் என்பது உண்மைதான். அது மனத்தை உறுத்தினால் மருத்துவரிடம் சொல்லி வேறு வழி கேட்கலாம். சொல்லாமல் நிறுத்துவதில்தான் ஆபத்து.

‘கொழுத்தவருக்குத்தான் வரும், தின்று தேடிக்கொண்ட வருத்தம்’ என்கிற பேச்சையும் விட வேண்டும். எங்கள் தென்னாசிய உடம்புகளுக்குக் குறைந்த நிறையிலேயே நீரிழிவு வருகிறது. அதனால்தான் 2004இல் உலக சுகாதார நிறுவனத்தின் வல்லுநர் குழு, ஆசியருக்கு உடற்திணிவுச் சுட்டி 23 ஆகும்போதே கவனிக்க வேண்டும் என்றது. மற்றவர்களுக்கு அது 25. பரம்பரைக்கும் இதில் பெரிய பங்கு இருக்கிறது. வெட்கப்படுத்தி ஒருவரின் சீனியைக் குறைக்க முடியாது, அவர் சாப்பிடுகிற நேரத்தைத்தான் இரவுக்கு மாற்ற முடியும்.

விரதங்களைப் பற்றியும் பயபக்தியோடு ஒரு வார்த்தை. கந்தசஷ்டிக்கு ஆறு நாள், கேதார கௌரிக்கு 21 நாள், நோன்புக்கு ஒரு மாதம். இவற்றை நான் குறை சொல்லவில்லை, நானும் சஷ்டி பிடிக்கிறவள். ஆனால் சாப்பாட்டோடு ஏற்கெனவே போராடுகிற ஒருவருக்கு விரதம் ஒரு மறைப்பாக ஆகிவிடலாம். யாரும் ஏன் சாப்பிடவில்லை என்று கேட்க மாட்டார்கள், புண்ணியம் என்பார்கள். காத்தான்குடியிலிருந்து வரும் எங்கள் சக ஆசிரியை ஒருவர் சொன்னார்: நோயாளிக்கு நோன்பை விட மார்க்கத்திலேயே சலுகை இருக்கிறது, ஆனால் அவருடைய உம்மாவுக்கு அதை எடுக்க மனம் வரவில்லை. கடைசியில் நோன்பு தொடங்க ஒரு மாதத்துக்கு முன்னமே உம்மாவைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போய், எந்த மருந்தை எந்த நேரத்துக்கு மாற்றுவது, சீனி எவ்வளவுக்குப் போனால் நோன்பைத் திறந்துவிட வேண்டும் என்று கேட்டு எழுதி வாங்கி வந்தாராம். எந்த விரதத்துக்கும் அது பொருந்தும்.

வீட்டில் எப்படித் தெரியும், என்ன செய்வது

மூன்று மாதச் சராசரி காரணமில்லாமல் ஏறிக்கொண்டே போகும். நிறை குறையும். தாகம், அடிக்கடி சலம், ஓயாத களைப்பு. கிளினிக் நாளில் வயிற்றுவலி வரும், அல்லது கொப்பி தொலைந்துபோகும். கொப்பி இருந்தால் அதிலுள்ள இலக்கங்கள் எல்லாம் ஒரே பேனையால் ஒரே நேரத்தில் எழுதியவை போல அழகாக இருக்கும். ஊசி போடும்போது ஆள் இருக்கக் கூடாது என்பாள். மாதவிலக்கு தவறும். பிறகு, மாதமாகியும் இறங்காத போத்தல். இவற்றில் ஒன்றைக் கண்டவுடனே இதுதான் என்று முடிவெடுக்க வேண்டாம், ஆனால் நான் செய்ததைப் போல டப்பாவை மூடி வைக்கவும் வேண்டாம்.

வாந்தி, வயிற்றுவலி, ஆழமான வேக மூச்சு, பழவாசம், தூங்கி விழுவது: இன்சுலின் போடுகிற ஒருவருக்கு இவை வந்தால் ‘கேஸ்ட்ரைடிஸ்’ என்று குளிசை கொடுத்துக் காத்திருக்கக் கூடாது. அது கீற்றோன் ஏறியதாக இருக்கலாம், மணித்தியாலக் கணக்கில் உயிருக்கு ஆபத்து. 1990க்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். பதற்றத்தில் எங்களுக்கு அது நினைவுக்கே வரவில்லை.

அன்றைக்குத் தங்கை கண் விழித்ததும் அம்மா கேட்ட முதல் கேள்வி, “ஏன் இப்பிடிச் செஞ்ச?” அவள் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துவிட்டாள். இரண்டு நாள் ஒருவரோடும் பேசவில்லை. மூன்றாம் நாள் ஒரு தாதி, ஊசியோடு வந்து கட்டிலின் ஓரத்தில் இருந்து, “இதப் போடுறது கஷ்டமா இருக்கா, போட்ட பிறகு வாறது கஷ்டமா இருக்கா?” என்று கேட்டார். அதற்கு அவள் பதில் சொன்னாள். ஒப்புக்கொள்ள வைக்கிற கேள்வி வேறு, விளங்கிக்கொள்ளக் கேட்கிற கேள்வி வேறு. அந்த வித்தியாசத்தை நான் அந்தத் தாதியிடம்தான் படித்தேன்.

இதற்கு வைத்தியம் இருக்கிறது. ஆனால் சீனி வைத்தியரும் மனநல வைத்தியரும் சேர்ந்து செய்ய வேண்டிய வைத்தியம். ஒருவர் ‘ஒழுங்காகப் போடு’ என்றும் மற்றவர் ‘சாப்பாட்டைப் பற்றி யோசிக்காதே’ என்றும் தனித்தனியே சொன்னால் பிள்ளை நடுவில் நிற்கும். அதனால் இரண்டு இடத்திலும் மற்ற இடத்துக் கொப்பியைக் காட்டுங்கள். தொடக்கத்தில் இலக்கு நல்ல இலக்கம் வருவது இல்லை. உயிரைக் காக்கிற அளவு இன்சுலின் ஒரு நாளும் நிற்காமல் உள்ளே போவதுதான். அந்த அளவை மருத்துவர் சொல்வார். அதற்குப் பிறகு மெல்ல மெல்லக் கூட்டுவார்கள். நீண்ட காலம் கூடிக் கிடந்த சீனியை ஒரேயடியாக இறக்கினால் கண் பாதிப்பு மோசமாகலாம், நரம்பு வலி வரலாம், வீக்கமும் கூடும். வீக்கம் வரும், அது தண்ணீர், போய்விடும் என்பதை முதல் நாளே சொல்லிவிட வேண்டும். முதல் தரம் சொல்லாததை, இந்த இரண்டாம் தரம் தங்கைக்குச் சொன்னார்கள். கணுக்கால் வீங்கியபோது அவள் பயந்தாள், ஆனால் நிறுத்தவில்லை.

தராசில் முதுகைக் காட்டி ஏறுகிறேன், இலக்கத்தை எனக்குச் சொல்ல வேண்டாம் என்று கேட்கலாம். கேட்டால் பெரும்பாலும் விடுகிறார்கள். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் மனநலப் பிரிவு இருக்கிறது. நேரே போகக் கூச்சமாக இருந்தால் 1926க்கு அழைத்துப் பேசலாம், அது தேசிய மனநல நிறுவகத்தின் இலக்கம். ‘மனநலப் பிரிவுக்குப் போனால் நாளைக்குக் கல்யாணம் பேசேலாது’ என்று எங்கள் வீட்டிலும் சொன்னார்கள். அம்மாதான், “புள்ள இருந்தாத்தானே கல்யாணம்” என்று சொல்லி ஓட்டோ பிடித்தார்.

வீட்டில் நாங்கள் மாற்றியது கொஞ்சம்தான். உடம்பைப் பற்றிய பேச்சை நிறுத்தினோம், மெலிந்தாய் என்பதையும் சேர்த்து. எல்லாருக்கும் ஒரே சட்டியில் சமைக்கிறோம், அவளுக்கென்று தனி ‘வருத்தக்காரச் சாப்பாடு’ இல்லை. சீனி எத்தனை என்று கேட்பதில்லை, அவளாகச் சொன்னால் கேட்டுக்கொள்வோம். சொந்தக்காரர்களை மாற்றுவதுதான் கஷ்டம். பெரியம்மா மாறினார், அந்தத் தயிர்ச் சட்டி இரவுக்குப் பிறகு.

தங்கை முற்றாகக் குணமாகிவிட்டாள் என்று நான் எழுத மாட்டேன். சில நாள் பின்னேரம், நான் பள்ளிக்கூடக் கொப்பி திருத்திக்கொண்டிருக்கும்போது, அடுத்த அறையிலிருந்தே வட்ஸ்அப்பில் அனுப்புவாள்: “இண்டைக்குப் போட ஏலாம இருக்கு.” நான் ஏன் என்று கேட்பதில்லை. சிவப்புப் பேனையை வைத்துவிட்டு, டப்பாவை எடுத்துக்கொண்டு போய்ப் பக்கத்தில் இருப்பேன். போத்தலை அவள்தான் உருட்டுவாள். சில நாள் ஐந்து நிமிடத்தில் போட்டுவிடுவாள். சில நாள் அரை மணித்தியாலம் உருட்டிக்கொண்டே இருப்பாள்.